கடைசி மெடிக்கல் போர்டில் மனத்தை எப்படி அளப்பது?

புதுச்சேரியிலிருந்து மயிலம் போகும் சாலையில் இருக்கும் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டை போன்ற இடங்களில், கம்பெனி வாசலில் காவலுக்கு நிற்பவர் பட்டாளத்தில் இருந்து வந்தவரா என்பதை அவர் நிற்கும் விதத்திலேயே கண்டுகொள்ளலாம். அப்படி ஒருவரைக் கற்பனையாக நினைத்துக்கொள்வோம். பதினேழு வருட சர்வீஸ், அதில் சில வருடம் காஷ்மீர் எல்லை. முழங்கால் தேய்மானத்துடன் ஊருக்கு வந்தார். டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன் நடந்த மெடிக்கல் போர்டு அந்தத் தேய்மானத்தை எழுதி, சதவீதமும் போட்டுக் கொடுத்தது. ஊருக்கு வந்து இரண்டு வருடம் கழிந்தபின் தூக்கம் போயிற்று. தீபாவளி வெடிச்சத்தம் கேட்டால் உடம்பு நடுங்குகிறது. பிள்ளைகளிடம் காரணமில்லாமல் சீறுகிறார். எப்படியும் தூங்கப்போவதில்லை என்று இரவு ஷிப்டையே கேட்டு வாங்கிக்கொள்கிறார். அவருடைய டிஸ்சார்ஜ் காகிதத்தில் மனநலத்துக்கான இடத்தில் இருப்பது 'எஸ்–1'. குறை ஏதும் இல்லை என்று பொருள்.

அன்று பார்த்த மருத்துவர் தவறவிட்டாரா? இவர் மறைத்தாரா? அல்லது அன்றைக்கு அந்த நோயே இல்லையா? மூன்றுமே நடக்கக்கூடியவை. மூன்றையும் ஆராய்ச்சியாளர்கள் தனித்தனியாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

முதலில் அந்தக் காகிதம். இந்தியப் படைகளில் ஒருவருடைய உடல்தகுதியை 'ஷேப்' என்ற ஐந்தெழுத்துச் சுருக்கத்தால் குறிக்கிறார்கள். எஸ் என்பது மனநலம், எச் செவி, ஏ கை கால்கள், பி பொது உடல்நிலை, ஈ கண்பார்வை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை தரம் உண்டு. 1 என்றால் எந்த எல்லைக்கும் அனுப்பலாம், 5 என்றால் பணிக்கே தகுதியில்லை. நோயால் தரம் குறைந்திருப்பவர் பணியை விட்டுப் போகும்போது மருத்துவர் குழு ஒன்று உட்கார்ந்து இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதியாக வேண்டும். இவருக்கு என்ன நோய், எவ்வளவு இயலாமை என்பது ஒன்று. அது பணியால் வந்ததா, பணியால் மோசமானதா, இரண்டும் இல்லையா என்பது மற்றொன்று. 20 சதவீதத்துக்குக் குறையாத இயலாமையும், பணியோடு தொடர்பும் இருந்தால்தான் இயலாமை ஓய்வூதியம். ஒரு குடும்பத்தின் வாழ்நாள் வருமானம் ஒரு வரி அபிப்பிராயத்தில் தொங்குகிறது.

முழங்காலுக்கு எக்ஸ்ரே இருக்கிறது, காதுக்குக் கேள்திறன் கருவி இருக்கிறது. மனத்துக்கு அப்படி ஒரு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றுவரை வரவில்லை. மனநல மருத்துவர் செய்வது வேறு வகையான அளவீடு. பேச்சின் ஓட்டம், முகபாவம், நினைவு, கவனம், எண்ணங்களின் கோவை ஆகியவற்றை ஒழுங்குமுறையோடு கவனித்து எழுதுவதற்கு மனநிலைப் பரிசோதனை என்று பெயர். அதோடு தூக்கம், பசி, குடிப்பழக்கம் பற்றிய கேள்விகள். உடன் இருந்தவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். படையில் மனநலத்துக்காக ஒருவரை அனுப்பும்போது அவருடைய யூனிட் அதிகாரியிடமிருந்தும் தனியாக ஓர் அறிக்கை வாங்கும் வழக்கம் உண்டு. தேவைப்பட்டால் வார்டில் சில நாள், சில வாரம் வைத்துப் பார்ப்பார்கள்.

வெறும் பேச்சை வைத்துச் சொல்வதை எப்படி நம்புவது? இதைச் சோதிக்க நேரான வழி ஒன்று இருக்கிறது. ஒரே நோயாளியை இரண்டு மருத்துவர்கள், ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல், தனித்தனியே பார்க்க வேண்டும். இருவரும் ஒரே நோயைச் சொல்கிறார்களா என்று எண்ண வேண்டும். குருட்டாம்போக்கில் ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு எஞ்சும் ஒற்றுமையை ஓர் எண்ணாகச் சொல்வார்கள். அதை உடன்பாட்டு எண் என்று அழைக்கலாம். 0 என்றால் காசு சுண்டிப் பார்த்ததற்குச் சமம், 1 என்றால் முழு உடன்பாடு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்புக்காக இதைப் பெரிய அளவில் செய்து, 2013இல் முடிவுகளை வெளியிட்டது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறுக்கு 0.67 கிடைத்தது. மனச்சிதைவுக்கு 0.46. கடும் மனச்சோர்வுக்கு 0.28 மட்டுமே.

இந்த எண்களை மனநல மருத்துவத்துக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பேரதிர்ச்சிக் கோளாறை இரண்டு பேர் தனித்தனியே பார்த்தாலும் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வர முடிகிறது என்பது நல்ல செய்தி. உடலைக் கைவைத்துப் பார்க்கும் மருத்துவத் துறைகளிலும் இதைவிட மோசமான எண்கள் வருவதுண்டு. ஆனால் சோர்ந்துபோன ஒருவரை ஒரே ஒரு மருத்துவர் ஒரே ஒரு முறை பார்த்து எழுதியது கல்வெட்டு அல்ல என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

அடுத்தது, மறைப்பது. டிஸ்சார்ஜுக்கு நாள் குறித்தாகிவிட்டது, பெட்டி கட்டியாகிவிட்டது. 'தூக்கம் வருகிறதா, கெட்ட கனவு வருகிறதா' என்று ஒரு டாக்டர் கேட்கிறார். ஆமாம் என்றால் இன்னும் சில வாரம் ஆஸ்பத்திரி வார்டு. ஊரில் 'மிலிட்டரியில் மூளை குழம்பி அனுப்பிவிட்டார்கள்' என்ற பேச்சு. பேங்க் காவலர் வேலைக்கு மனுப்போட்டால் அங்கேயும் இந்தக் காகிதத்தைப் பார்ப்பார்களோ என்ற பயம். தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 'நல்லா இருக்கேன் சார்' என்பதைத் தவிர வேறு எந்தப் பதிலை எதிர்பார்க்க முடியும்?

இது ஊகம் மட்டும் அல்ல. ஈராக்கில் இருந்து திரும்பிய ஓர் அமெரிக்கப் படைப்பிரிவில், வழக்கமான மருத்துவப் படிவத்தில் கேட்ட கேள்விகளையே பெயர் எழுதாத தாளிலும் கேட்டுப் பார்த்தார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வில், மனச்சோர்வு, பேரதிர்ச்சிக் கோளாறு, தற்கொலை எண்ணம் ஆகியவற்றை ஒப்புக்கொண்டவர்கள் பெயரில்லாத தாளில் இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம். மனிதர்கள் அவர்கள்தான், கேள்விகளும் அவைதான். பெயர் போய்விட்டது, அவ்வளவே. ஆகவே கடைசி மெடிக்கலில் வரும் 'இல்லை' என்ற பதிலில் இரண்டு செய்திகள் கலந்திருக்கின்றன. ஒன்று அவருடைய மனநிலை. மற்றொன்று, உண்மையைச் சொன்னால் தனக்கு என்ன ஆகும் என்று அவர் போட்ட கணக்கு.

மூன்றாவது காரணம்தான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது: காலம். 2007இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வு 88,235 வீரர்களின் படிவங்களைப் பார்த்தது. ஈராக்கில் இருந்து வந்து இறங்கியதும் ஒருமுறை, சில மாதங்கள் கழித்து மறுமுறை, அதே ஆட்களிடம் கேட்கப்பட்ட கேள்விகள். இறங்கிய நேரத்தில் குடும்பத்தோடும் மற்றவர்களோடும் பெரிய சண்டை சச்சரவு என்று சொன்ன முழுநேர வீரர்கள் 3.5 சதவீதம். மாதங்கள் கழிந்தபின் 14 சதவீதம். மனச்சோர்வுக்கான விடைகள் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தன.

ஏன் இப்படி? வந்து இறங்கும் நாளில் மனிதனைத் தாங்கிப் பிடிப்பது வீடு திரும்பும் மகிழ்ச்சி. அதுவரை யூனிட் தாங்கியது. விடியற்காலை விசில், பக்கத்துக் கட்டிலில் அதையே பார்த்த நண்பன், அடுத்து என்ன செய்வது என்று சொல்ல ஒரு ஹவில்தார். எல்லையில் எந்நேரமும் விழிப்பாக இருப்பது உயிரைக் காக்கும் குணம், அங்கே அது நோயாகத் தெரியாது. அதே விழிப்பு சேதராப்பட்டில் ஒரு வீட்டு முற்றத்தில், கதவு சாத்தும் சத்தத்துக்கெல்லாம் துள்ளி எழும்போதுதான் நோயாகத் தெரியவருகிறது. எல்லாருக்கும் உடனே வெளிப்படுவதும் இல்லை. முழு அறிகுறிகளும் சேர ஆறு மாதத்துக்கு மேல் ஆகும் வகைக்கு, தாமதமாக வெளிப்படுவது என்று அந்த நோய்க் கையேட்டிலேயே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

அதே ஆய்வு இன்னொன்றையும் கண்டது. முதல் முறை பேரதிர்ச்சி அறிகுறிகளைச் சொன்னவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் சில மாதங்களில் தேறியிருந்தார்கள். அப்படியானால் ஒரே நாளில் பார்ப்பது இரண்டு பக்கமும் பிழையாகிறது. தானாகத் தேறப்போகிறவருக்கு முத்திரை குத்துகிறது, நோயாளியாகப் போகிறவரை விட்டுவிடுகிறது.

எல்லாருக்கும் கேள்வித்தாள் கொடுத்து, மதிப்பெண் போட்டு, வடிகட்டிவிடலாமே என்று தோன்றும். இதை முதல்நிலைச் சலிப்பு என்று சொல்லலாம், ஏனென்றால் சல்லடையின் இயல்பு முழுக்க இதற்கு உண்டு. கண் பெரிதாக இருந்தால் கல்லும் சேர்ந்து இறங்கும், கண் சிறிதாக இருந்தால் நல்ல அரிசியும் மேலேயே தங்கும். ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிஸ்சார்ஜ் ஆகும் 1000 பேரில் 50 பேருக்கு உண்மையில் நோய் இருக்கிறது. கேள்வித்தாள் நோயுள்ள பத்துப் பேரில் எட்டுப் பேரைப் பிடிக்கும், நலமுள்ள பத்துப் பேரில் ஒருவரைத் தவறாகப் பிடிக்கும். கேட்க நல்ல சல்லடையாகத்தான் இருக்கிறது. 50 பேரில் 40 பேர் பிடிபடுகிறார்கள். நலமுள்ள 950 பேரில் 95 பேரும் பிடிபடுகிறார்கள். ஆக, பிடிபட்ட 135 பேரில் உண்மையான நோயாளிகள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பத்துப் பேர் நழுவிப் போயும்விட்டார்கள். நோய் அரிதாக ஆக இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும். கேள்வித்தாள் யாரிடம் உட்கார்ந்து பேச வேண்டும் என்று காட்டும். இவர் நோயாளி என்று தீர்ப்புச் சொல்ல அதற்குத் தகுதியில்லை.

ஆப்கானிஸ்தானில் இருந்து திரும்பிய 10,000க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்களிடம் இத்தகைய கேள்வித்தாள் முறையைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்கு அவரவர் விடைக்கேற்ற ஆலோசனை, மற்றவர்களுக்குப் பொதுவான ஆலோசனை. யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில். ஓராண்டு, ஈராண்டு கழித்துப் பார்த்தபோது இரு குழுவினரின் மனநலத்திலும், உதவி தேடிப் போனதிலும் வேறுபாடு இல்லை. 2017இல் லான்செட் இதழில் வந்த முடிவு இது. படிவத்தை நிரப்பச் சொல்லி ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்து அனுப்பினால் கடமை முடிந்தது என்று எண்ணும் எந்த அரசும் இதைப் படிக்க வேண்டும்.

இனி போர்டின் இரண்டாவது கேள்வி. நோய் எங்கிருந்து வந்தது? மெடிக்கல் போர்டு காகிதங்களில் மனநோய்க்கு நேரே அடிக்கடி வரும் சொல் 'இயல்பிலேயே உள்ளது' என்பது. அதாவது பிறவிக்கூறு, பரம்பரை, பணிக்குச் சம்பந்தமில்லை. இது எந்த அளவுக்குச் சரி?

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா இந்த நம்பிக்கையின் மேல் ஒரு பெருங்கட்டடத்தையே எழுப்பிப் பார்த்தது. பலவீனமான மனம் உள்ளவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டால் போர்க்களத்தில் மனம் உடைபவர்கள் இருக்க மாட்டார்கள் என்று எண்ணி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களை மனநலக் காரணம் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அப்படிச் சலித்து எடுத்த படையிலும் மனம் உடைந்தவர்கள் பெருந்திரளாக வந்தார்கள். திடமானவர்களும் போதுமான நாள் முன்னணியில் இருந்தால் உடைவார்கள் என்பதைப் படை மருத்துவர்கள் அங்கேதான் கற்றார்கள்.

இதைவிட உறுதியான சான்று இரட்டையர்களிடமிருந்து வந்தது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருக்கு மரபணு ஒன்று, வளர்ந்த வீடும் ஒன்று. அமெரிக்க ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட 715 ஜோடிகளை எடுத்தார்கள். இருவருமே படையில் இருந்தவர்கள், ஒருவர் மட்டும் வியட்நாம் பகுதிக்குப் போனவர். 1990இல் வெளியான கணக்கின்படி, போனவர்களில் 16.8 சதவீதத்தினருக்குப் பேரதிர்ச்சிக் கோளாறு இருந்தது. போகாத சகோதரர்களில் 5 சதவீதம். கடும் சண்டையைப் பார்த்தவர்களை அவர்களுடைய போகாத சகோதரர்களோடு ஒப்பிட்டால் ஒன்பது மடங்கு. மரபணுவின் மேல் பழி போட முடியாதபடி அமைந்த ஒப்பீடு. அதே இரட்டையர் கூட்டத்தை வைத்துச் செய்த பின்னைய ஆய்வு, அறிகுறிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை பரம்பரை சார்ந்தது என்றும் காட்டியது. இரண்டும் உண்மை. பரம்பரை ஒருவரைச் சீக்கிரம் நோய்க்கு ஆளாகக்கூடியவராக ஆக்குகிறது, போர்க்களம் நோயைக் கொண்டுவருகிறது.

மனச்சிதைவு நோயில் சிக்கல் கூடுதல். ஆண்களுக்கு அது பெரும்பாலும் பதின்வயதின் இறுதியிலும் இருபதுகளிலும் தொடங்குகிறது. படையில் சேரும் வயதும் அதுதான். படைக்குப் போகாமலே இருந்திருந்தாலும் சிலருக்கு வந்திருக்கும். இவருக்கு எதனால் வந்தது என்று ஒரு தனி மனிதரைக் காட்டிக் கேட்டால், நேர்மையான மருத்துவர் எவரும் முழு உறுதியோடு விடை சொல்ல முடியாது. கூட்டத்தைப் பற்றி அறிவியல் சொல்லும் விடை தனி ஆளைப் பற்றிய விடையாக அப்படியே மாறுவதில்லை.

அறிவியல் நிற்கும் இந்த இடத்தில் ஒரு நியாயக் கேள்வி எழுகிறது. மிச்சமிருக்கும் சந்தேகத்தை யார் சுமப்பது, சிப்பாயா, அரசா? இந்திய அரசின் 1982ஆம் ஆண்டு ஓய்வூதிய உரிமை விதிகள் இதற்குத் தெளிவான பதிலைச் சொல்லியிருந்தன. சேரும்போது குறை எதுவும் பதிவாகவில்லை என்றால் அவர் நலமாகச் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்பட்டால் அந்த நலக்கேடு பணியால் வந்ததாகக் கருத வேண்டும். நிரூபிக்கும் சுமை அவர்மேல் இல்லை, சந்தேகத்தின் பலன் அவருக்கே. சேரும்போது கண்டுபிடித்திருக்க முடியாத நோய் என்று போர்டு கருதினால் காரணத்தை எழுத வேண்டும். 2013இல் உச்ச நீதிமன்றம் வலிப்பு நோய் வழக்கு ஒன்றில் இந்த விதிகளை வரிக்கு வரி விளக்கியது. அதே ஆண்டு இன்னொரு வழக்கில், 1970களில் மனச்சிதைவு என்று சொல்லி அனுப்பப்பட்ட சிப்பாயின் காகிதங்களை நீதிபதிகள் பார்த்தார்கள். மனநோய் நூல்களையெல்லாம் புரட்டி, இவ்வளவு மெல்லிய குறிப்பை வைத்து இவ்வளவு பெரிய முடிவா என்ற ஐயத்தோடு, மறுஆய்வு மருத்துவக் குழுவுக்கு அனுப்பச் சொன்னார்கள். முப்பத்தைந்து வருடம் போல ஆகியிருந்தது. 2025 மே மாதம் மற்றொரு மனச்சிதைவு வழக்கில், காரணம் சொல்லாத மருத்துவ அபிப்பிராயத்தை ஆதாரமாகக் கொள்ள முடியாது என்று சொல்லி இயலாமை ஓய்வூதியம் கொடுக்க உத்தரவிட்டார்கள். அந்தச் சிப்பாய் 1990களில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்.

காரணம் எழுதச் சொல்வது வக்கீல்களின் பிடிவாதம் இல்லை, அது அறிவியலின் அடிப்படை ஒழுக்கம். என்ன பார்த்தேன், எத்தனை நாள் பார்த்தேன், வேறு எந்த நோய்களை ஏன் விலக்கினேன் என்று எழுதினால்தான் இரண்டாவது மருத்துவர் அதைச் சோதிக்க முடியும். சோதிக்க முடியாத அபிப்பிராயத்துக்கு உடன்பாட்டு எண் போட வழியே இல்லை.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தச் சந்தேகச் சுமை பற்றி வேறு எவருக்கும் இல்லாத ஓர் அனுபவம் உண்டு. இங்கே பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா குடும்பங்கள் இருக்கின்றன. இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பணியாற்றித் திரும்பியவர்களின் வீடுகள், பிரெஞ்சு அரசின் பென்ஷன் வரும் வீடுகள். அந்த நாட்டுச் சட்டம் 1919 மார்ச் 31 அன்றே, முதல் உலகப்போரின் ஊனமுற்றவர்களுக்காக, நோய் பணியால் வந்ததாக முதலில் கருதிக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தது. மனக் காயத்துக்கு அது போதவில்லை, ஏனென்றால் சட்டத்தின் கால வரம்புக்குள் அந்தக் காயம் வெளியே தெரிவதில்லை. ஆகவே 1992 ஜனவரி 10 அன்று போர்க்கால மனக்கோளாறுகளுக்கென்றே தனி அளவுகோல் ஒன்றை ஆணையாகப் பிறப்பித்தார்கள். அறிகுறி இல்லாத நீண்ட இடைவெளிக்குப் பிறகும் நோய் வெளிப்படலாம் என்பதை அது ஏற்றது. ஆக, ஒரே ஊரில், அடுத்தடுத்த தெருவில், இரண்டு தேசங்களின் சட்டப்படி இரண்டு விதமாக எடைபோடப்பட்ட பழைய சிப்பாய்கள் வாழ்ந்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் வேறொரு கோணத்தில் பிரச்சினை வெடித்தது. 'ஆளுமைக் கோளாறு' என்று எழுதி வீரர்களை வெளியேற்றினால் இயலாமைப் பலன் கொடுக்க வேண்டியதில்லை. ஏனென்றால் அது சேர்வதற்கு முன்பே இருந்ததாகக் கருதப்படும். போர்முனையில் இருந்து வந்தவர்களுக்கும் இந்த முத்திரை விழுந்தது. 2009இல் நிறைவேறிய பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி வந்தவர்களைக் காக்க ஒரு பிரிவு சேர்ந்தது. சமீபத்தில் போர்முனைக்குப் போனவருக்குப் பேரதிர்ச்சிக் கோளாறோ மூளைக் காயமோ இருப்பதாகத் தெரிந்தால், அல்லது அவர் நியாயமான முறையில் அப்படிச் சொன்னால், மருத்துவப் பரிசோதனை செய்து, நடத்தைக்கு அந்தக் காயம் காரணமா என்று பார்க்காமல் அவப்பெயரோடு வெளியேற்றக் கூடாது.

நம்மிடம் இந்தக் கேள்வி இனி இன்னும் கூர்மையாகும். 2022இல் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களின் சர்வீஸ் நான்கு வருடம். அதிகபட்சம் 25 சதவீதம் பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்புவார்கள். அவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. பணியால் வந்த இயலாமைக்கு ஒரே தடவையாக, 50, 75, 100 சதவீதம் என்ற படிகளுக்கு முறையே 15, 25, 44 லட்சம் ரூபாய் என்று அறிவித்திருக்கிறார்கள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் வெளியே வரும் இந்தப் பிள்ளைகளுக்குக் கடைசி மெடிக்கலோடு படையுடனான தொடர்பு ஏறக்குறைய முடிந்துபோகிறது. மன நோய்கள் தலைகாட்டும் வயதிலேயே வெளியே வருகிறார்கள். அவர்களுக்கு டிஸ்சார்ஜ் அன்று ஒருமுறை, ஆறு மாதத்தில் ஒருமுறை, இரண்டு வருடத்தில் ஒருமுறை என்று பார்க்கும் ஏற்பாடு வேண்டும். பின்னால் வரும் பரிசோதனைகளின் முடிவு வேலைவாய்ப்பு எதையும் தொடக் கூடாது. தொட்டால் பழையபடி 'நல்லா இருக்கேன் சார்' என்ற பதில்தான் வரும்.

இப்போதைக்கு ஒருவர் செய்யக்கூடியவை சில உண்டு. போர்டு நடவடிக்கைகளின் நகலை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். 'பணியோடு தொடர்பில்லை' என்று எழுதியிருந்தால், பக்கத்தில் காரணம் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் மேல்முறையீடு செய்யலாம், அதற்குமேல் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது. அறிகுறி தொடங்கிய நாள், தூங்காத இரவுகள், பயந்த சத்தங்கள் ஆகியவற்றை மனைவியோ அண்ணனோ தேதி போட்டுக் குறித்துவைத்தால், பின்னால் பார்க்கும் மருத்துவருக்கு அதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது. சேதராப்பட்டில் இருந்து ஜிப்மர் மனநலப் பிரிவு எட்டும் தூரம்தான். 14416 என்ற டெலி–மனஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். படையினருக்கென்று புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரில் தனிப்பிரிவும் தொடங்கினார்கள். காகிதத்தில் 'எஸ்–1' என்று இருப்பது சிகிச்சைக்குத் தடை இல்லை. அது அன்றைய ஒரு நாளின் குறிப்பு, இன்றைக்கு மறுபடியும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.